பச்சைப் பட்டனில் ஒரு மரக்கட்டை

பெங்களூர்
6-2-2005

அன்புள்ள மாப்பிள்ளை வேல்ராஜுக்கு,

பிரபு எழுதுவது. நான் நலம். நீயும் உன் அறைத் தோழன் கொம்பையாவும் நலம்தானே? பாலிடெக்னிக் முடித்த நான்கு வருடத்தில் நீ எனக்கு அனுப்பிய தபால்கள் மூன்று. அதில் ஒன்று கல்யாணப் பத்திரிகை, அதுவும் உன்னுடையது இல்லை. இந்தத் தடவை காரியமாக எழுதுகிறேன், பதில் போட்டே ஆகவேண்டும்.

எங்கள் கம்பெனிக்குப் பெரிய வேலை வந்திருக்கிறது. 'சாம்பல் நகரம்' என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. உலகம் கெட்டுப்போன பிறகு ஒருவன் துப்பாக்கியோடு சுட்டுக்கொண்டே போவான். கனடாக்காரர்களுடையது. அதன் இரண்டாம் பாகத்துக்குக் களமும் காட்சியும் யோசிப்பது எங்கள் பொறுப்பு. இந்த முறை ஊர் முழுக்க ஒரே தொழிற்சாலை. மனிதர்களுக்குப் பெயர் கிடையாது. எங்கள் அறையில் பதினொரு பேர் உட்கார்ந்து யோசிக்கிறோம், ஒருவனும் தொழிற்சாலைக்குள் கால் வைத்ததில்லை. நீ ஒரகடத்தில் உள்ளேயே இருக்கிறாய். பயங்கரமாக ஏதாவது இருந்தால் எழுது. கொஞ்சம் கூட்டி எழுதினாலும் தப்பில்லை.

உன் அன்பு
மணிகண்டபிரபு


சேரப்பணஞ்சேரி
15-2-2005

அன்பு பிரபுவுக்கு,

நலம். கொம்பையா ஞாயிற்றுக்கிழமை படப்பைக்குப் போய், ப்ரௌசிங் சென்டரில் உன் விளையாட்டின் முதல் பாகத்தை ஆடிவிட்டு வந்தான். ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவை செத்தானாம். உற்சாகமாக இருக்கிறான்.

பயங்கரமாக எழுதச் சொல்கிறாய். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. நல்ல கம்பெனி. நிரந்தரத் தொழிலாளிக்கு நீலச் சட்டை, காண்ட்ராக்டுக்குச் சாம்பல் சட்டை. நாங்கள் இருவரும் சாம்பல். கேண்டீனில் இரண்டு நிறத்துக்கும் தனித்தனி வரிசை, சாம்பார் ஒன்றுதான். என் நம்பர் 4417. சூப்பர்வைசர் சுப்பன் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார். பெயர் சொன்னால் திட்டப்போகிறார் என்று அர்த்தம். ஒன்றுக்குப் போக இருபது பேருக்கு ஒரு சிவப்பு அட்டை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகவேண்டும். வாசலில் 'விபத்தில்லாத நாட்கள்: 212' என்று ஒரு போர்டு. போன மாதம் ஒருவனுக்கு விரல் நசுங்கியது. வீட்டுக் கதவில் நசுங்கியதாக அவனே எழுதிக் கொடுத்துவிட்டதால் போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் வேலை, தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ்ஸில். தகட்டை அச்சின் மேல் வைத்துவிட்டு, இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்றாக இருக்கும் பச்சைப் பட்டன்களை இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேலே இருக்கும் இரும்பு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் இரும்புக்கு அடியில் எந்தக் கையும் இருக்காது அல்லவா, அதற்காக. இதில் உனக்கு உதவுகிற மாதிரி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. மன்னித்துக்கொள்.

வேல்ராஜ்


பெங்களூர்
2-3-2005

மாப்பிள்ளைக்கு,

கடிதத்தை எங்கள் மேலாளருக்கு வரி வரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். சிவப்பு அட்டையை அடித்துவிட்டார். கற்பனை உலகம் என்றாலும் ஒரு நியாயம் வேண்டும், இருபது பேருக்கு ஒரு அட்டை என்றால் ஆடுகிறவன் நம்பமாட்டான் என்கிறார். வாசல் போர்டு வெறும் காமெடி என்று அதையும் எடுத்துவிட்டார்.

ஆனால் பிரஸ் பிடித்துப்போய்விட்டது. அதில் ஒரு முழுக் கட்டமே யோசித்துவிட்டேன். கதாநாயகன் சாம்பல் சட்டை போட்டுத் தொழிலாளி மாதிரி உள்ளே நுழைகிறான். பிரஸ் நின்றால் காவலர்களுக்குத் தெரிந்துவிடும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் சுடுவது எப்படி? ஒரு மரக்கட்டையை இடது பட்டனின் விளிம்புக்குள் செருகிவிடுகிறான். அது அழுத்தியபடியே நிற்கும். ஒரு கை பிரஸ்ஸை ஓட்டும், ஒரு கை சுடும்! மேலாளர் எழுந்து நின்று கைதட்டினார். இங்கே அது சாதாரணமாக நடக்கிற காரியம் இல்லை.

இன்னும் எழுது.

பிரபு


சேரப்பணஞ்சேரி
20-3-2005

அன்பு பிரபுவுக்கு,

உன் கடிதத்தை அறையில் சத்தமாகப் படித்தேன். கொம்பையாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. மறுநாள் டீ நேரத்தில் லைன் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது சுப்பன் வந்துவிட்டார்.

"இன்னாடா சிரிச்சிகினு கீறீங்க? எனுக்கும் சொல்லுங்க, நானும் சிரிக்கிறேன்."

கொம்பையா சொன்னான். அவர் சிரிக்கவில்லை.

"கட்டை இன்னா சைஸ்?" என்று கேட்டார்.

அன்று மத்தியானமே பார்சல் பெட்டிப் பலகையை அறுத்து, மூன்றாம் எண் பிரஸ்ஸில், அதாவது கொம்பையாவின் பிரஸ்ஸில், அவரே செருகிப் பார்த்தார். வலது கை பட்டனை அழுத்த, இடது கை அடித்த தகட்டை எடுத்துப் புதியதை வைத்துவிடுகிறது. "அப்பறம் இன்னாத்துக்குடா ரெண்டு கை?" என்றார். ஷிஃப்டுக்குத் தொள்ளாயிரம் அடிக்கிற இடத்தில் ஆயிரத்து முந்நூறு அடித்தான். மறுநாள் காலையில் ஆறு பிரஸ்ஸிலும் சுப்பனே சுத்தியலால் கட்டையைத் தட்டி இறக்கினார். எனக்கு வேண்டாம் என்றேன். "வேல்ராஜு" என்றார், பெயர் சொல்லி. சரி என்றுவிட்டேன்.

இங்கே ஆலோசனைப் பெட்டி ஒன்று உண்டு. நல்ல யோசனை எழுதிப் போட்டால் பரிசு. "நான் போட்டா நல்லா இருக்காது, உன் மூளைடா, நீயே வாங்கிக்க" என்று கொம்பையாவிடம் சொன்னார். படிவத்தை நான் நிரப்பினேன், அவன் கையெழுத்துப் போட்டான். ஒரு ஹாட் பாக்ஸ் கொடுத்து, நோட்டீஸ் போர்டில் போட்டோ ஒட்டியிருக்கிறார்கள். யோசனை உன்னுடையது, அதனால் மூடியை உனக்குத் தருகிறானாம்.

ஆயிரத்து முந்நூறுதான் இனிமேல் எல்லாருக்கும் என்று நேற்று எழுதி ஒட்டிவிட்டார்கள்.

வேல்ராஜ்


பெங்களூர்
4-4-2005

மாப்பிள்ளைக்கு,

பிரமாதம்! உன் மார்ச் கடிதத்தை உறையோடு வடிவமைப்புக் கோப்பில் சேர்த்துவிட்டேன். கற்பனையை நிஜத்தில் சோதித்துப் பார்த்த ஒரே குழு நாம்தான் என்று மேலாளருக்குப் பெருமை. ஒரே ஒரு குறை. சுப்பன் போதாதாம். வில்லன் என்றால் முகத்தில் தழும்பு வேண்டும், இருமவாவது வேண்டும், இந்த ஆள் வெறுமனே அளவு கேட்கிறார் என்கிறார்.

கொம்பையாவுக்கு என் வாழ்த்து. மூடியைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்.

பிரபு


சேரப்பணஞ்சேரி
22-4-2005

பிரபுவுக்கு,

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு மூன்றாம் எண் பிரஸ்ஸில் ஒரு தகடு ஒட்டிக்கொண்டது. கொம்பையா அதை எடுக்க இடது கையை உள்ளே விட்டான். வலது கை பழக்கத்தில் பட்டனை அழுத்திவிட்டது. கட்டைவிரல் இருக்கிறது. மற்ற நான்கும் இல்லை.

நான் இரண்டாம் பிரஸ்ஸில் இருந்தேன். எப்போதும் கேட்கிற சத்தம்தான் கேட்டது. அதனால் நான் திரும்பவில்லை.

ஆம்புலன்ஸுக்குச் சொல்வதற்கு முன்னால் ஆறு கட்டைகளையும் பிடுங்கிவிட்டார்கள். போர்டில் அன்று 275. மறுநாள் 276.

தொழிலாளி விதியை மீறித் தானே இயந்திரத்தை மாற்றிக்கொண்டான் என்கிறது கம்பெனி. ஆதாரம், அவன் கையெழுத்துப் போட்ட ஆலோசனைப் படிவம். பரிசு கொடுத்தீர்களே என்று கேட்டேன். யோசனைக்குத்தான் பரிசு கொடுத்தோம், செய்து பார்க்க அனுமதி கொடுக்கவில்லை என்றார்கள். இது நிரூபணமானால் அவனுக்கு வேலையும் இல்லை, நஷ்டஈடும் இல்லை. லைனில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, எல்லாரும் சாம்பல் சட்டை.

படப்பையில் நயினார் என்று ஒரு வக்கீல் இருக்கிறார். கட்டையைச் செருகியது சுப்பன்தான் என்று விபத்துக்கு முன்பே எழுதி, தபால் முத்திரையும் விழுந்த கடிதம் இருந்தால் போதும் என்கிறார். அது உன்னிடம் இருக்கிறது. மார்ச் 20 கடிதத்தை உறையோடு பதிவுத் தபாலில் அனுப்பு. விசாரணை மே 9.

மாப்பிள்ளை, தாமதிக்காதே.

வேல்ராஜ்


பெங்களூர்
2-5-2005

அன்பு மாப்பிள்ளைக்கு,

நேற்று மே தினம், ஞாயிற்றுக்கிழமையோடு சேர்ந்து போய்விட்டது. உன் கடிதம் வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. கொம்பையாவை நினைத்தால் மனசு ஆறவில்லை.

ஆனால் ஒரு சிக்கல். கோப்பில் போன எதுவும் விளையாட்டு வெளிவரும் வரை கனடாக்காரர்களுடைய சொத்து. சேரும்போது கையெழுத்துப் போட்டிருக்கிறேன், நகல்கூட எடுக்கக் கூடாது. விசாரணைக்கு என்று கேட்டால், ஒரு விபத்தில் எங்கள் யோசனை சம்பந்தப்பட்டது வெளியே வரும். ஜூனில் எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டும். நீ புரிந்துகொள்வாய், நீயும் காண்ட்ராக்ட்தானே. வக்கீலிடம் வேறு வழி கேட்டுப் பார்.

என்னால் முடிந்தது ஒன்று செய்திருக்கிறேன். பிரஸ் கட்டத்தில் வரும் ஒரு தொழிலாளிக்குக் கொம்பையா என்று பெயர் வைத்துவிட்டேன். கதாநாயகனுக்கு வழி காட்டிவிட்டு இறந்துபோவான். நல்ல பாத்திரம்.

பிரபு


சேரப்பணஞ்சேரி
15-5-2005

பிரபுவுக்கு,

விசாரணை முடிந்தது. கட்டையைத் தட்டி இறக்கியது சுப்பன்தான், என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். ஆதாரம் கேட்டார்கள். பெங்களூரில் இருக்கிறது என்றேன். 'ஆதாரம் இல்லை' என்று எழுதிக்கொண்டார்கள்.

சுப்பன் வல்லக்கோட்டை முருகன் கோயில் விபூதி கொண்டுவந்து, கொம்பையாவின் நெற்றியில் அவரே பூசிவிட்டார். "நல்ல பையன் சார், கொஞ்சம் அவசரக்குடுக்கை, அவ்ளோதான்" என்று சாட்சி சொன்னார். படிவத்தைக் காட்டி, இது யார் கையெழுத்து என்று கேட்டார்கள். "நான்தான் சார் போட்டேன்" என்றான் கொம்பையா. அவனுக்குப் பொய் வராது.

முந்தாநாள் கோவில்பட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாகச் சொன்னான்: "ஏலே, பிரபுவை ஒண்ணும் ஏசாத. அவன் பொம்மைக்குத்தானல கட்டை வச்சான்."

என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. நாளை முதல் மூன்றாம் எண் பிரஸ். மரக்கட்டை இப்போது கிடையாது. டூல் ரூமில் இரும்பில் செய்து, மஞ்சள் பெயின்ட் அடித்து, ஆறு பிரஸ்ஸிலும் பொருத்திவிட்டார்கள். யாருடைய ஆலோசனை என்று கேட்டேன். இது ஆலோசனை இல்லை, இயந்திரத்தின் பாகம் என்றார்கள். கணக்கு ஆயிரத்து நானூற்றைம்பது.

நீ கேட்டதையெல்லாம் எழுதிவிட்டேன். கூட்டி எழுதவில்லை.

வேல்ராஜ்


பெங்களூர்
3-7-2005

அன்புள்ள மாப்பிள்ளை வேல்ராஜுக்கு,

நல்ல செய்தி. பிரஸ் கட்டத்தை விளையாட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். கனடாவில் இருபது பேரை வைத்து ஆடிப் பார்த்தார்களாம். ஒரே இடத்தில் நின்று பத்து நிமிடம் பட்டனை அழுத்திக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை இருக்கும் என்று பாதிப் பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு வருத்தம்தான். ஆனால் இப்போது உன் கடிதம் யாருக்கும் தேவையில்லை. எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன், குப்பைக் கூடைக்குப் போவதுதானே, எடுத்துக்கொள் என்றார் மேலாளர். இதோடு இணைத்திருக்கிறேன், உறையும் இருக்கிறது. முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறது, 21 மார்ச். நயினார் வக்கீலிடம் உடனே கொடு. மேல்முறையீடு என்று ஏதாவது இருக்கும்.

எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது.

ஜூனில் உனக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. உன் வீட்டுக்கார அம்மா செல்லம்மாளின் நம்பருக்கு மூன்று தடவை போன் செய்தேன். முதல் தடவை யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் தடவை, "அந்தப் புள்ள பெட்டி படுக்கை எல்லாம் இங்கதான் கீது, கம்பெனிக்குப் போன ஆளு இன்னும் வர்ல" என்றார். எப்போது வருவான் என்று கேட்க நேற்று மறுபடி அடித்தேன். நான் யார் என்று கேட்டார். சொன்னேன். போனை வைத்துவிட்டார். லைன் சரியில்லை என்று நினைக்கிறேன்.

என் மேல் கோபம் என்றால் கோபமாகவே எழுது. இரண்டு வரி போதும். கையெழுத்து எவ்வளவு கோணலாக இருந்தாலும் நான் படித்துக்கொள்வேன்.

உன் அன்பு
மணிகண்டபிரபு