குழாய்த் தண்ணீரில் பிறந்த நான்கு

என் பிரியமும் கோபமும் ஒருசேர வந்து சேருகிற ஒரே ஆளுக்கு,

இங்கே நானும் அத்தையும் நான்கு மீன்களும் சுகம். நான்கு என்று படித்ததும் உங்கள் புருவம் ஏறும். எட்டு அல்லவா வர வேண்டும் என்று கேட்பீர்கள். எட்டு வரவில்லை, வராது. மீன் கடைக்காரரிடம் நானே நேரில் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மீதியை உட்கார்ந்து படியுங்கள். கிரேன் மேலே ஏறிப் படிக்க வேண்டாம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் மூன்று பேசி முடித்துவிடுவீர்கள். கடிதம் குறுக்கே பேசாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உங்கள் கடிதத்தை அத்தைக்கும் படித்துக் காட்டினேன். ஆற்றில் பிடித்த டிஸ்கஸ் மீன் எட்டு, இருபதாம் தேதி வருகின்றன. ஆறு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பூச்சி மருந்து கொடுத்து, ஒரு நாளைக்கு நான்கு தடவை பக்கத்தில் நின்று தீனி பழக்க வேண்டும். அதற்கு வசதியாக நான் தலைமைப் பரிசோதகர் பொறுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பழையபடி அரை நாள் வேலைக்குப் போக வேண்டும். கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி. துறைமுகத்தில் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். தீனிக்கு ஒன்றரைப் பக்கம் எழுதிய மனுஷர் இதற்கு ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். அத்தை அந்த வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். எழுந்து உள்ளே போய்விட்டார்.

முதலில் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பொறுப்பை விடமாட்டேன். பதினான்கு வருடம் அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் குப்பி கழுவி, மாதிரி எடுத்து, மற்றவர்கள் கையெழுத்துக்குக் கீழே நின்றிருக்கிறேன். இப்போது இந்த ஊர் குடிக்கிற தண்ணீருக்குத் தினமும் காலையில் நான் கையெழுத்துப் போடுகிறேன். அதை எட்டு மீனுக்காக விட்டுக் கொடு என்று கேட்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது என்று தெரியவில்லை. கேட்டுவிட்டீர்கள். எனக்கு வலித்தது. வலித்ததை மறைக்கப் போவதில்லை.

அடுத்து, போன மாதம் செத்த ஆறு மீன்கள். வேலை மும்முரத்தில் நான் கவனிக்காமல் விட்டேன், அதனால்தான் போயின என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மை அது இல்லை. உண்மை இன்னும் மோசமானது. இதுவரை வீட்டில் யாரிடமும் சொல்லாததால் உங்களுக்கும் தெரியாது.

போன மாதம்தான் எங்கள் நிலையத்தில் வெறும் குளோரினை நிறுத்திவிட்டு, குளோரினோடு அம்மோனியாவும் கலக்க ஆரம்பித்தோம். அப்படிக் கலந்தால் கடைசித் தெருவின் குழாய் வரைக்கும் மருந்தின் வீரியம் நிற்கும். குடிக்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் மீனுக்கு ஆகாது. பழைய குளோரின் என்றால் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் பறந்துவிடும். இது பறக்காது. ஊருக்கு அறிவிப்பு எழுதியவள் நான்தான். அதில் மீன் வளர்ப்பவர்களுக்கென்று ஒரு பத்தி தனியாக வேண்டும் என்று பொறியாளரிடம் சண்டை போட்டுச் சேர்த்தவளும் நான்தான். தண்ணீரைத் திறந்து வைப்பது இனிமேல் போதாது, மருந்தை முறிக்கிற திரவம் கலக்காமல் தொட்டியில் ஊற்றாதீர்கள் என்று எழுதி, கீழே என் கையெழுத்தும் முத்திரையும் போட்டு வெள்ளிக்கிழமை ஒட்ட அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், நம் வீட்டு நீலப் பீப்பாயில் ஒன்றரை நாள் திறந்து வைத்த குழாய்த் தண்ணீரை எடுத்துப் பாதித் தொட்டிக்கு மாற்றினேன். திரவம் எதுவும் கலக்கவில்லை. ஏனென்றால் நீங்கள் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போன சீட்டில் நான்காவது வரி அப்படித்தான் சொல்கிறது. ஒரு நாள் திறந்து வை, வாதாம் இலைச் சாறு சேர், ஊற்று. திறந்து வைத்தேன், சேர்த்தேன், ஊற்றினேன். மதியத்துக்குள் ஆறும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்துத் தெருக் கடைக்கு ஓடிப்போய் திரவத்தை வாங்கி வந்து ஊற்றினேன். பிந்திவிட்டது. ஊருக்கே எச்சரிக்கை எழுதியவள் வீட்டில் ஆறு பிணம். சிரிப்பதாக இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நான் அன்று சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

தப்பு என்னுடையது. சீட்டின் மேல் பழி போடவில்லை, அதற்கு என்ன தெரியும். ஆனால் இப்படி ஒரு தப்பை நான் எப்படிச் செய்தேன் என்று நாள் கணக்கில் யோசித்தேன். நிலையத்தில் நான் என் மூளையை வைத்து வேலை செய்கிறேன். வீட்டில் தொட்டி முன்னால் போய் நின்றால் மூளையைக் கழற்றி வைத்துவிட்டு உங்கள் சீட்டைப் படிக்கிறேன். இரண்டு வருடத்தில் அது அப்படியே பழகிப்போயிருக்கிறது. அதனால் சீட்டைக் கிழித்துவிட்டேன். பசை லேசில் போகவில்லை. பிளேடால் சுரண்டி எடுத்தேன்.

ஆற்று மீன் அழகு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பொய் சொல்ல எனக்கு வராது. காபித் தட்டு மாதிரி வட்டமாக, மண் நிறத்தில், விளிம்பில் மட்டும் ஒரு நீலக் கோடு. செத்துப்போன அந்த ஆறும் வந்த புதிதில் ஏழு வாரம் மரக்கட்டைக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தன. அத்தை அவற்றுக்குக் கூச்சக்கார மாப்பிள்ளைகள் என்று பேரே வைத்துவிட்டார். எட்டாவது வாரம் ஒன்று வெளியே வந்து என் விரலுக்கு எதிரே ஒரு புழுவைத் தின்றது. அன்று வேலைக்குப் போகும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பாகவே இருந்தது. அதைப் பிடித்து விற்கிற ஆற்றோரத்துக்காரர்களுக்கு அது பிழைப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. தொட்டியில் பிறந்தது மீனே இல்லை, சாயம் பூசின பொம்மை என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சண்டை.

நான் தினமும் போகிற பேருந்தில் ஒரு நடத்துனர் அக்கா இருக்கிறார். அவர் வீட்டின் பின்னறை முழுக்கத் தொட்டிகள், எல்லாம் டிஸ்கஸ். ஏழு தலைமுறையாக அங்கேயே முட்டையிட்டுப் பொரித்தவை, இந்த ஊர்க் குழாய்த் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரே தெரியாதவை. நான் மீன் வேண்டும் என்று போனதும், பெண் கொடுக்கிறவர் மாதிரி கேள்வி மேல் கேள்வி கேட்டார். தொட்டி எத்தனை அடி, வீட்டில் யார் யார், யார் தீனி போடுவது. பிறகு தானாகவே அந்த அறிவிப்பைப் பற்றி ஆரம்பித்தார். அந்த மீன் பத்தியை யாரு எழுதினாங்களோ தெரியல, அவங்க கை நல்லா இருக்கணும், இல்லன்னா என் அறை மொத்தமும் போயிருக்கும் என்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எழுதியது நான்தான் என்றும், என் ஆறு மீனை நானே கொன்றேன் என்றும் சொன்னேன். அவர் வலையை எடுத்தார். இருக்கிறதிலேயே நல்லதாக நான்கைப் பிடித்துப் பையில் போட்டு, உங்ககிட்ட தர்றதுக்கு எனக்கு பயமில்ல என்றார்.

அதனால் தொட்டியில் பிறந்ததைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். பயந்து போய் எளிதானதை எடுத்துக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். என் வேலை நேரம் எனக்குத் தெரியும், என் தண்ணீர் எனக்குத் தெரியும், இந்த இரண்டிலும் எது வாழும் என்று கணக்குப் போட்டு எடுத்தேன். சிவப்பில் வெள்ளை வரி, கண் கூசும் நிறம்தான். நான் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே நான்கும் கண்ணாடிக்கு வந்து முண்டுகின்றன. பொம்மைக்கு இவ்வளவு பசி எடுக்காது. கவிழ்த்து வைத்த மண்சட்டியில் இரண்டு சேர்ந்து நேற்று முட்டையிட்டிருக்கின்றன. முதல் தடவை முட்டையைத் தாங்களே தின்றுவிடலாம், மனசு விடாதீங்க என்று அக்கா சொல்லியிருக்கிறார். நான் விடவில்லை.

இனி மீன் பேச்சு போதும். இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் வீடியோவில் கூப்பிட்டு, எப்படி இருக்கிறாய் என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் போனைத் தொட்டிப் பக்கம் திருப்பு என்கிறீர்கள். நானும் திருப்பிக்கொண்டு நிற்கிறேன், கை மரத்துப் போகும் வரைக்கும். என் முன்நெற்றியில் நரை விழுந்து எட்டு மாதம் ஆகிறது. பேருந்து அக்காவுக்குத் தெரியும், பொறியாளருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. வீட்டை நினைத்து ஏங்குகிறீர்கள், அந்த ஏக்கம் போக இங்கே ஒரு ஆற்றைக் கொண்டுவந்து வைக்கப் பார்க்கிறீர்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அதைக் காவல் காக்கிற ஆளாக நான் இருக்கமாட்டேன். உங்கள் மனைவியாக இருக்கிறேன், அதில் எனக்கு அலுப்பே இல்லை.

வருகிற ஞாயிறு முதல் போன் என் பக்கம்தான் இருக்கும். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள், எனக்கு அதுவும் சரி.

அந்த இரண்டு வருடக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவது உங்கள் இஷ்டம். போடாதீர்கள் என்று கெஞ்சி எழுதத்தான் இந்தப் பக்கத்தை எடுத்தேன். எழுத வரவில்லை. அத்தையின் ஆசீர்வாதம் உங்களுக்கு எப்போதும் உண்டு. மேலே ஏறும்போது இடுப்புப் பட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள், நீண்ட ஆயுசோடு இருங்கள். பதில் நீளமாக வேண்டாம். வருகிற தேதியை மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி