கல்லில் மூன்றாவது பெயர்

ஆரணி,
ஜூலை 10.

அன்பு மகள் எழிலுக்கு அம்மா எழுதுவது. லண்டனில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க புதுக்காமூர் ஈஸ்வரன் துணையிருக்கட்டும். இங்கே உடம்புக்குக் குறையில்லை, மனசுதான் சரியில்லை.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். எண்பத்தேழில் இலங்கைச் சண்டைக்குப் போன நம்ம பட்டாளத்துக்காரர்களுக்கு நம்ம ஊரில் நினைவுக்கல் வைக்கிறார்கள், ஆகஸ்ட் பதினைந்து திறப்பு. செத்தவர்கள் இரண்டு பேர், அதற்கடுத்து மூன்றாவது பெயர் உன் அப்பாவுடையது. ஆமாம்டி, அந்த இரண்டு வருஷம் அவர் பஞ்சாபில் இல்லை, யாழ்ப்பாணத்தில் இருந்தார். உன் கல்யாணப் பேச்சில் பஞ்சாப் என்று சொன்னது நான்தான். உன் மாமியார் அந்தச் சண்டையில் தம்பியைப் பறிகொடுத்தவர், தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடும் என்று பயந்தேன். கல்யாணப் பந்தியில் அவர் தங்கள் ஊர் யாழ்ப்பாணத்துக் கோப்பாய் என்றதும் உன் அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாரே, சர்க்கரை மயக்கம் என்று சமாளித்தேனே, காரணம் இதுதான்.

இப்போது அந்த அம்மா சின்ன மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க ஆகஸ்ட் பன்னிரண்டு வருகிறார், தங்குவது நம் வீட்டில். கல்லோ கடைக்குப் போகிற வழியிலேயே இருக்கிறது. உன் அப்பாவுக்குத் தெரியாமல் முன்னாள் பட்டாளத்தார் சங்கத் தலைவர் அருணகிரியிடம் போய், கல்லில் பொறிப்பதற்கு முன்பே பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். உன் அப்பாவுக்குச் சம்மதமா என்று கேட்டார், ஆமாம் என்றேன். அதுவும் பொய்.

திங்கட்கிழமை உன் அப்பா கல்லைப் பார்க்கப் போனார். கோப்பாயில் தன் பக்கத்திலேயே செத்த களம்பூர் ராமதாஸ் பெயர் இருக்கிறது, அதன் கீழே இவர் பெயர் இல்லை. வந்து கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், பேஜார் அதோடு தீர்ந்திருக்கும். மனுஷன் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "கல்யாணத்துல நீ பொய் சொன்னே, நானும் வாய மூடிகினு இருந்தேன். இப்ப ராமதாஸ தனியா வுட்டுட்டு வந்துட்டேன்னு கல்லே சொல்லுது" என்றார். மூன்று நாளாகத் திண்ணையில்தான் படுக்கிறார்.

இன்று காலை நானே போய் அருணகிரியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நாளை அவர் பெயரைக் கல்லில் பொறிக்கிறார்கள். இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் மாப்பிள்ளைக்கும் மாமியாருக்கும் படித்துக் காட்டு. பொய் சொன்னது அம்மா, எனக்குத் தெரியாது என்று சொல். திட்டுவதென்றால் என்னைத் திட்டட்டும், உன்னை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

இரண்டு பேரும் நீடூழி வாழ வேண்டும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, மறக்காதே. மாமியார் வருகிறாரா இல்லையா என்பதை மட்டும் உடனே சொல். வந்தால், பட்டுக் கடைக்குப் போகும் முன் அந்தக் கல்லுக்கு நானே கூட்டிப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜீ. உண்ணாமலை