டூட்டிப் பட்டியலில் என் பெயர்

மார்ச் 3, செவ்வாய்

இந்த மாத டூட்டிப் பட்டியலை ஒட்டி நாலு நாளாகிறது. இன்றுதான் கண்ணில் பட்டது. 19ஆம் தேதி, காலை ஷிஃப்ட் — என் பெயர். அன்று காலை பத்து மணிக்குப் புள்ளியியல் தேர்வு.

பட்டியலைப் போட்ட புண்ணியவதி யார்? நானேதான். பதினோரு பேருக்குப் பார்த்துப் பார்த்து ஆஃப் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த கட்டத்தில் என்னைப் போட்டிருக்கிறேன். ஏற்கெனவே இரண்டு முறை ஊத்திக்கொண்ட தாள். இதுவும் போனால் பல்கலைக்கழகப் பதிவே ரத்து. ஐந்து வருடப் படிப்பு அதோடு சரி.

மார்ச் 4

தலைமை நர்ஸிடம் போய் நின்றேன். "கையெழுத்து போட்டாச்சும்மா. யாராவது மாத்திக்கிட்டா எனக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

அன்று ஆஃபில் இருப்பவர்களில், ஆபரேஷன் கருவிகளை அவிக்கும் நீராவி மெஷினை ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான். வக்கீல். எங்கள் பிரிவில் எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அந்தப் பெயர்.

போயும் போயும் அவரா? போன மாதம் ஒரு சனிக்கிழமை, மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஆஃப் கேட்டார். "ஆள் இல்ல தம்பி" என்றேன். ஆள் இருந்தது. அந்த ஆள் நான். சனிக்கிழமை வகுப்புக்காக என்னை ஆஃபில் போட்டிருந்தேன்.

மார்ச் 6

கேட்டேன். கருவித் தட்டைத் துணியில் சுற்றி டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன விசேஷம்க்கா?"

"சொந்த வேலை."

"என் பொண்ணு மேடையில ஆடினப்போ நான் இங்க கத்திரிக்கோல் எண்ணிக்கிட்டிருந்தேன்க்கா. அதுவும் சொந்த வேலைதான்."

குரலைக்கூட உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 7, சனி

வகுப்பில் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. எதுக்கு இந்தப் படிப்பு? யாரு அழுதா? நாப்பத்திரெண்டு வயசுல, ஆஸ்பத்திரில ஒருத்தர்கிட்டயும் சொல்லாம, திருட்டுத்தனமா —

வீட்டில் இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "லீவு கேட்ட, சரி. பொய் சொன்னதுக்கு மன்னிப்பு கேட்டியா?" என்றார். கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் வந்தது.

மார்ச் 9

மெஷின் ஒரு சுற்று ஓட நாற்பது நிமிடம். அதற்குள் வக்கீலிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். படிப்பு, இரண்டு தோல்வி, அந்தச் சனிக்கிழமை. ஆள் இல்லை என்றது பொய் என்றும் சொன்னேன். ஷிஃப்டை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருந்தா ஆளுக்குப் பாதி நாள் பாத்திருக்கலாம்ல?"

"தோத்தா எல்லாரும் சிரிப்பீங்கன்னு..."

"இப்ப மட்டும் சிரிக்கலையா? மெஷின் முன்னாடி நின்னு தனியா முணுமுணுக்கிறீங்க. பேய் புடிச்சிருக்குன்னு ஒரு கட்சி, மந்திரம் கத்துக்கிறீங்கன்னு ஒரு கட்சி."

பிறகு அவரே மாற்றுப் படிவத்தை எடுத்து வந்தார். "காரணம் எழுதுங்க. சொந்த வேலைன்னு எழுதினா கையெழுத்து போடமாட்டேன்."

'பட்டப்படிப்பு, கடைசித் தேர்வு' என்று எழுதினேன். படிவத்தைப் பலகையில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டினார்கள். மாலைவரை ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பாடா.

மார்ச் 19

எழுதிவிட்டேன். ஐந்தாவது கேள்வி சொதப்பல். மதியம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்தேன்.

ஏப்ரல் 20

ஐம்பத்திரண்டு. ஐம்பது போதும். இரண்டு மதிப்பெண்ணை நான் வீணாக்கிவிட்டேனாம், இவர் கிண்டல் செய்கிறார். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று அழுதுவிட்டேன். எவ்வளவு பாரம் இறங்கியிருக்கிறது.

ஏப்ரல் 27, திங்கள்

மே மாதப் பட்டியல் போட்டேன். முதல் தடவையாக எல்லோரையும் கேட்டுவிட்டுப் போட்டேன். வக்கீல் கேட்டது ஒரே நாள்: 9ஆம் தேதி, சனிக்கிழமை, மகளுக்கு நடனப் போட்டி.

அன்று காலை ஷிஃப்டுக்கு என் பெயரைப் போட்டேன். சனிக்கிழமைகளில் எனக்கு இனி ஒரு வேலையும் இல்லை.