அலுமாரிக்குள் இருக்கிற பிள்ளை

இதை எடுத்து வாசிக்கிறவர் யாராக இருந்தாலும், தயவுசெய்து ஒருவருக்கும் காட்டாதீர்கள். அம்மாவுக்கு வேண்டாம். கீழ்வீட்டு உமா அன்ரிக்கு வேண்டவே வேண்டாம். இது செத்துப்போன என் மாமாவுக்கு எழுதுகிற கடிதம். பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியருக்கும் வாசிக்கத் தெரியாது என்றுதான் தமிழில் எழுதுகிறேன். அப்படியென்றால் இதை வாசிக்கிற நீங்கள் எங்கள் ஆட்களில் ஒருவர். எனக்கு அதுதான் கூடப் பயம்.

மாமா,

உங்கள் அறையில், நிலத்தில் இருந்து எழுதுகிறேன். கதவை உள்ளே பூட்டியிருக்கிறேன். அலுமாரியின் கீழ் இடுக்கால் ஒரு மணம் வருகிறது. கொய்யாப்பழம் நன்றாகக் கனிந்து, நாளைக்கு அழுகிவிடும் என்கிற நேரத்தில் வருமே, அந்த மணம். கொஞ்சம் சவர்க்காரமும் கலந்த மாதிரி. நீங்கள் ஆசுபத்திரிக்குப் போகும்போது இது இல்லை. பிள்ளை பூத்துவிட்டாள். நீங்கள் அதைப் பார்க்கவில்லை. நீங்கள் எங்களை விட்டுப் போய் இன்றைக்குப் பத்தொன்பது நாள்.

அந்த விதைப் பைக்கற்றை நீங்கள் குசினி மேசையில் வைத்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா வேலைக்குப் போயிருந்தார், அப்பா வழக்கம்போல லொறியோடு ஒன்ராறியோவின் எந்த மூலையிலோ. பிரெஞ்சில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டீர்கள். இந்த வீட்டுக்கு வருகிற எல்லாக் கடிதத்தையும் வாசிக்கிறது நான்தானே, அதையும் வாசித்தேன். குட்டையாக வளரும் இண்டிகா இனம், பழவாசனை, ஐந்து விதை, ஐந்தும் பெண்.

நீங்கள் பைக்கற்றைத் திருப்பி வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தீர்கள்.

"ஐஞ்சும் பெண்ணோ?"

"ஓம் மாமா. பெண்ணாக்கின விதை எண்டு போட்டிருக்கு."

"பனங்கொட்டையைப் பாத்து ஆண்பனையோ பெண்பனையோ எண்டு சொல்ல எங்கட ஊரில ஒருத்தனாலயும் ஏலாது. வருசக்கணக்காக் காத்திருந்து, பூத்தாப் பிறகுதான் தெரியும். இவன் பைக்கற்றில அடிச்சு விக்கிறான்."

"நம்பாட்டி ஏன் வாங்கினீங்கள்?"

"நம்பேல்லை எண்டபடியாத்தான் ஐஞ்சு வாங்கினனான்."

காய்ந்த பூவைக் கடையில் சட்டப்படி வாங்கலாம்தானே என்று நான் கேட்டதற்கும் அப்படித்தான் பதில் வந்தது. யார் வளர்த்தது, என்ன மருந்து அடித்தது என்று யாருக்குத் தெரியும் என்றீர்கள். முதுகெலும்பில் வந்த நோவுக்கு வைத்தியர் தந்த குளிசைகளையும் நீங்கள் நம்பவில்லை. ஒவ்வொன்றையும் உடைத்து, முகர்ந்து பார்த்துத்தான் விழுங்கினீர்கள். இந்த மாகாணத்தில் வீட்டில் ஒரு செடிகூட வளர்க்கக் கூடாது என்று நான் சொன்னபோது, மருந்துக்கு வளர்க்க விசேட கடிதம் வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். அந்தக் கடிதத்தை இன்றைக்கு எல்லா இடமும் தேடினேன். உங்கள் பெட்டியில் இல்லை, மெத்தைக்கு அடியில் இல்லை. இருந்ததா மாமா? கோபிக்காதீர்கள். எனக்கு இப்போது எல்லாவற்றிலும் சந்தேகமாக இருக்கிறது.

ஐந்தில் இரண்டு முளைக்கவில்லை. ஒன்று முளைத்த மூன்றாம் நாள் மடிந்து விழுந்தது. இரண்டு வளர்ந்தன. தினமும் பூதக்கண்ணாடியை வைத்துக் கணுவுக்குக் கணு பார்த்தீர்கள், எங்கேயாவது ஆண் பூ ஒளிந்திருக்கிறதா என்று; பெண் பூவில்தான் மருந்து என்றீர்கள். ஒரு நாள் ஒன்றில் ஏதோ கண்டு, சட்டென்று பிடுங்கி எறிந்தீர்கள். பிறகு குப்பைப் பையைத் திறந்து மறுபடியும் பார்த்துவிட்டு, "அவசரப்பட்டிட்டன் போல கிடக்கு" என்றீர்கள். அன்று இரவு நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை.

மிஞ்சினது இவள் ஒருத்தி. அம்மா கண்டுபிடித்ததும் இவளைத்தான், சண்டை போட்டதும் இவளால்தான். "என்ர வீட்டில கஞ்சாவோடா? பொம்பிளைப்பிள்ளை இருக்கிற வீடு" என்று அம்மா கத்தியதில், கீழே உமா அன்ரி தொலைக்காட்சிச் சத்தத்தையே குறைத்துவிட்டார். நீங்கள் எறிந்துவிடுவதாகச் சத்தியம் செய்தீர்கள். வெறும் சாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, படிகளில் வேண்டுமென்றே தடதடவென்று இறங்கிப் போனீர்கள். பிறகு அலுமாரிக்கு ஆமைப்பூட்டு வந்தது. உள்ளே ஊர்க் கடிதங்கள் இருப்பதாக அம்மாவுக்குச் சொல்லப்பட்டது.

அதற்குப் பிறகு அந்தச் சொல்லையே இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்றீர்கள். என்ன சொல்லிக் கதைக்கிறது என்று கேட்டேன். "பிள்ளை எண்டு சொல்லு. தென்னங்கண்டைத் தென்னம்பிள்ளை எண்டு சொல்லுறேல்லையோ? பொய்யும் இல்லை, ஒருத்தருக்கும் விளங்கவும் மாட்டுது." சொல்லிவிட்டு நீங்களே சிரித்தீர்கள். சிரித்ததில் முதுகு நொந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

ஆசுபத்திரிக்குப் போகும்போது அந்தப் பூட்டின் இரண்டு திறப்பில் ஒன்றைத் தந்தீர்கள். தண்ணீர் விடு, இரவில் அலுமாரி விளக்கை அணைத்து இருட்டில் விடு, பூவைத் தொடாதே, உனக்கு இது வெறும் பூக்கண்டு என்றீர்கள். நான் தொடவில்லை. நீங்கள் இல்லாத பிறகும் தொடவில்லை.

பள்ளிக்கூட இடைவேளையில் உங்களுக்குத் தொலைபேசி எடுப்பேன். உமா அன்ரியின் மகளின் லொக்கர் என்னுடையதிலிருந்து மூன்றாவது. தமிழில் பிள்ளை என்று கதைத்தால் அவள் காதைத் தீட்டுவாள் என்று பயந்து பிரெஞ்சில் கதைத்தேன். நீங்கள் பதினாறு வருடம் உணவகக் குசினிகளில் பொறுக்கிய பிரெஞ்சில் பதில் சொல்வீர்கள். பிள்ளை என்ற சொல்லைப் பிரெஞ்சாக்கி "லா பெத்தீத்" என்றேன், சின்னவள் என்று. அது நல்ல பெயர் என்று நீங்கள் சொன்னீர்கள். அதுதான் நான் விட்ட பிழை. அப்போது எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் போன பிறகும் உங்கள் தொலைபேசி எடுத்துக்கொண்டுதான் இருந்தது. நீங்கள் பதிந்து வைத்த குரல் வரும், பிறகு ஒரு சத்தம் வரும், பிறகு நான் கதைப்பேன். நேற்று மத்தியானமும் லொக்கர் பக்கத்தில் நின்று, பழக்கத்தில் பிரெஞ்சிலேயே கதைத்தேன். அம்மா நித்திரை கொள்ளாததால் இரவு தண்ணீர் கொடுக்க முடியவில்லை என்று சொன்னேன். சின்னவள் இன்னும் அலுமாரிக்குள்தான் இருக்கிறாள், இருட்டு, தாகமாக இருப்பாள், பயப்படாதீர்கள், ஒருவருக்கும் தெரியாது என்று சொன்னேன்.

இன்றைக்குக் கடைசிப் பாடத்தில் பள்ளிக்கூட ஆலோசகர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் கடதாசிக் கைக்குட்டைப் பெட்டி இருந்தது. உங்களைப் பற்றித்தான் கதைக்கப் போகிறார் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு, மெல்லக் கேட்டார்: "சின்னவள் எப்படி இருக்கிறாள்?"

அந்தப் பெயர் உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. தெரியாது என்றேன். அவளை வெளியே விடுவதுண்டா என்று கேட்டார். இல்லை என்று வாய் தவறி வந்துவிட்டது. அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன், அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு. அவள் சாப்பிடுகிறாளா என்று கேட்டார். உரத்தைக் கேட்கிறார் என்று நினைத்து, கிழமைக்கு ஒருதரம் என்றேன்.

அவருடைய பேனா நின்றுவிட்டது.

உன்மேல் ஒரு பிழையும் இல்லை, இன்றைக்கே இரண்டு பேர் உங்கள் வீட்டுக்கு வருவார்கள், தமிழ் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு வருவார்கள் என்றார். பிறகு, எழும்பிப் போகும்போது, அவளுக்குப் பெயர் இருக்கிறதா என்று கேட்டார். அவர் பக்கத்து அறையில் தொலைபேசியை எடுத்த நேரம், நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன்.

பஸ்ஸில் இருந்து யார் காட்டிக்கொடுத்தது என்று எண்ணிக்கொண்டு வந்தேன். முதலில் சந்தேகப்பட்டது உங்களைத்தான் மாமா. கடைசி நாட்களில் மோர்ஃபின் ஏற்றியபோது நீங்கள் தாதிமாரிடம் என்னென்னவோ சொன்னீர்களாம். பிறகு உமா அன்ரி. முந்தநாள் படியில் மறித்து, "என்ன பிள்ளை, செத்த வீட்டில பழவாசம் அடிக்குது? ஒளிச்சு வைச்சுத் தின்னுறியளோ?" என்று கேட்டவர். சிரித்துக்கொண்டு கேட்டார், ஆனால் மூக்கு சிரிக்கவில்லை. அவருடைய மகள் இன்றைக்கு என்னைப் பார்க்காமல் போனதையும் சேர்த்துக்கொண்டேன். எங்கள் லாசால் தரிப்பில் வந்து இறங்கும்போது எனக்கு உமா அன்ரிதான் என்று முடிவாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தேன். சாடியில் மண் ஈரம். நான் இரண்டு நாளாகத் தண்ணீர் விடவில்லை. விரலை வைத்துப் பார்த்தேன். மேல் மண்ணில் வெள்ளையாகப் படிந்திருந்தது. அரிசி கழுவின தண்ணீர். இந்தக் கட்டடத்தில் யன்னலோரக் கறிவேப்பிலைக்கு அரிசி கழுவின தண்ணீர் ஊற்றுகிறவர் ஒரே ஒருவர்தான், அம்மா. ஆசுபத்திரியில் உங்கள் கைக்கடிகாரத்தையும் இடுப்புப் பட்டியையும் ஒரு பையில் போட்டு அம்மாவிடம் தந்தார்கள். மற்றத் திறப்பும் அதில்தான் இருந்திருக்க வேண்டும்.

உடனே உமா அன்ரியை விட்டுவிட்டு அம்மாவைப் பிடித்தேன். அம்மாவுக்கு எல்லாம் தெரியும், பூக்கும்வரை பார்த்திருந்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தேன். குசினி வாசலில் நின்று அம்மாவின் முதுகைப் பார்த்தேன். அம்மா திரும்பாமலே, "ஏன் பிள்ளை இப்பிடி ஓடி வந்தனி?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். பிறகு அம்மா திரும்பி என் கையைப் பார்த்தார். விரலில் மண். அம்மா கரண்டியைக் கழுவத் தொடங்கினார், கழுவின கரண்டியையே.

இந்த அறைக்குள் வந்து பூட்டிக்கொண்ட பிறகுதான், ஆலோசகருடைய கடைசிக் கேள்வி என் காதுக்குள் திரும்ப வந்தது. அவளுக்குப் பெயர் இருக்கிறதா. செடிக்கு யார் பெயர் கேட்பார்கள்? நான் உங்கள் தொலைபேசிக்குச் சொன்ன வசனங்களை ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன், இந்த முறை லொக்கர் பக்கத்தால் போன, எங்களைத் தெரியாத ஒருவருடைய காதால். அலுமாரிக்குள் ஒரு சின்னப் பெண்பிள்ளை. இருட்டு. தாகம். கிழமைக்கு ஒருதரம் சாப்பாடு. ஒருவருக்கும் தெரியாது.

ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை மாமா. என் வாய்தான்.

முதலில் வந்த யோசனை, செடியை வெட்டிப் பையில் போட்டுக் குப்பைத்தொட்டிக்குள் அமுக்குவது. கத்தரிக்கோலும் எடுத்துவிட்டேன். பிறகு யோசித்தேன். அவர்கள் சிறுவர் பாதுகாப்பு ஆட்கள், ஒரு பிள்ளையைத் தேடி வருகிறார்கள். பூட்டுப் போட்ட அலுமாரி, உள்ளே விளக்கு, ஈரம், ஆனால் ஒருவரும் இல்லை என்றால் என்ன நினைப்பார்கள்? பிள்ளையை எங்கே கொண்டுபோனாய் என்று அம்மாவைத்தான் கேட்பார்கள். அம்மா மிரண்டு, தமிழில், "பிள்ளையைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது" என்று சொல்லுவார். கூட வருகிறவர் அதை அப்படியே பிரெஞ்சாக்குவார். என்னை இந்த வீட்டில் இருந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்பா வெள்ளிக்கிழமை வந்து பார்க்கும்போது வீட்டில் யார் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

செடி இருந்தால் அபராதம் வரலாம், வீட்டுக்காரன் எங்களை வீட்டைவிட்டு எழுப்பலாம். செடி இல்லாவிட்டால் அம்மா போய்விடுவார். கத்தரிக்கோலை மேசைக்குள் திரும்ப வைத்துவிட்டேன்.

இரண்டு மணித்தியாலமாக நிலத்தில் இருந்து உங்களைப் பற்றித்தான் யோசித்தேன். உங்களிடம் இருந்து எனக்கு வந்தது இந்த நம்பாத குணம். அம்மா அடிக்கடி சொல்லுவார், மாமனைப்போலவே கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாய் என்று. ஆனால் பாதிதான் வந்திருக்கிறது. நீங்கள் எதை நம்பவில்லையோ, அதற்குக் கிட்டப் போய் இருந்தீர்கள். பைக்கற்றை நம்பாமல் மூன்று மாதம் அந்த இலைகளோடு இருந்தீர்கள். எனக்குச் சந்தேகப்பட மட்டும் தெரிந்தது. பத்தொன்பது நாளாக அம்மா என்ன நினைக்கிறார் என்று தூரத்தில் நின்று கணக்குப் போட்டேன். ஒருநாள்கூடப் பக்கத்தில் போய் இருந்து கேட்கவில்லை. தம்பியைப் பறிகொடுத்தவர் என்றும் பாராமல் அம்மாவை வேவுகாரி ஆக்கிவிட்டேன். உங்களோடு சண்டை போட்ட அதே அம்மா, உங்கள் செடி வாடக் கூடாது என்று நான் பள்ளிக்கூடம் போன பிறகு வந்து தண்ணீர் விட்டிருக்கிறார். அழுதுகொண்டு விட்டாரா என்று தெரியாது. அதையும் கேட்க வேண்டும்.

அவர்கள் வருவதற்கு முன்னால் அம்மாவிடம் போய்ச் சொல்லப் போகிறேன். உமா அன்ரி இல்லை, மாமா இல்லை, நான்தான் என்று. பிறகு அவர்கள் வந்ததும் பூட்டை நானே திறப்பேன். மொழிபெயர்க்க ஆள் வந்தாலும், இந்தச் சொல்லை மட்டும் நானே பிரெஞ்சில் சொல்லுவேன். இந்த முறை செடி என்று சொல்லுவேன். உங்களுக்குக் கடிதம் இருந்ததா என்று கேட்டால், மாமா இருக்கிறதாகச் சொன்னார், நான் காணவில்லை என்பேன். அது உண்மை. உங்களைக் காப்பாற்ற இனி ஒன்றும் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். அம்மாவைக் காப்பாற்ற இருக்கிறது.

கீழே ஒரு கார் வந்து நின்றது. ஒரு கதவு சாத்துகிற சத்தம். இன்னொன்று. உமா அன்ரி வீட்டுக்கு வந்தவர்களாகவும் இருக்கலாம். படியில் கால்

தட்டுகிறார்கள். வாசல் கதவு இல்லை, இந்தக் கதவு. மெல்ல, விரலால். அம்மாதான். மூச்சு மட்டும் கேட்கிறது.

திறக்கப் போறன் மாமா.