அலமாரி மேல போட்ட கதைப் புத்தகம்

என்னங்க,

சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிக்கங்க. பாப்பா பக்கத்து வீட்டு அக்காகிட்ட இருப்பா, சாவியும் அங்கதான். இன்னைக்கு எங்க பள்ளிக்கூடத்துல பெற்றோர் கூட்டம், வர நேரமாகும். பிள்ளைங்க வீட்ல தானா புத்தகம் எடுத்துப் படிக்க என்ன செய்யணும்னு டீச்சருங்கள்ல நான்தான் பேசணுமாம்.

நேத்து நீங்க பாப்பா கையிலிருந்த கதைப் புத்தகத்தைப் பிடுங்கி, "இது பரீட்சைக்கு வருமா"ன்னு அலமாரி மேல போட்டீங்க. அவ அழல. கணக்கு நோட்டை எடுத்துக்கிட்டா. எனக்கும் கோபம் வரல. வரும்னு பார்த்தேன், வரல.

அந்தப் புத்தகத்தை இறக்கி அவ தலையணை பக்கத்துல வச்சுடுங்க. ஒண்ணும் சொல்ல வேணாம். எத்தனை பக்கம் ஆச்சுன்னு கேக்காதீங்க. டிவியை அணைச்சுட்டு நீங்களும் ஏதாவது எடுத்துக்கிட்டுப் பக்கத்துல உட்காருங்க. பேப்பரா இருந்தாலும் சரி.

மாடியில துணி காயுது, எடுத்துடுங்க.

இன்னொண்ணு. காலைல சடை பின்னும்போது, "அப்பாவுக்குப் படிக்கத் தெரியுமாம்மா"ன்னு கேட்டா. நல்லாத் தெரியும்னேன். "அப்ப ஏன் படிச்சு நான் பார்த்ததே இல்ல"ன்னா. அதுக்குப் பதிலை நீங்களே சொல்லிடுங்க.