பத்து எண்ணும் வரை

என் அன்புத் தோழிக்கு,

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பாய். பல்கூடத் தேய்க்கவில்லை. வெந்நீர் போட்டு இரண்டு டம்ளர்களில் ஊற்றினேன். ஒன்றின் மேல் இடது புறங்கையையும் இன்னொன்றின் மேல் வலது புறங்கையையும் ஒட்டி வைத்து எண்ணத் தொடங்கினேன். மூன்று எண்ணுவதற்குள் இடது கை தானாகவே விலகிக்கொண்டது. வலது கை அசையாமல் இருந்தது. பதினைந்தில் நானே பயந்து எடுத்துவிட்டேன். தோல் சிவந்திருந்தது. எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அடுப்படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் மற்றவர்கள் எழுவதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும்.

முதலில் நலம் விசாரிக்காமல் போனதற்கு மன்னித்துக்கொள். உன் மாமியாரின் முழங்கால் எப்படி இருக்கிறது? புது வீட்டுக் குழாய் இன்னும் ஒழுகுகிறதா? உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. இவர் நலம். பெண் கடைசி ஆண்டு படிக்கிறாள். கண்ணாடி முன்னால் உன்னைவிட அதிக நேரம் நிற்கிறாள், அவ்வளவுதான்.

நாம் படித்த மோட்டார் லேபை நினைத்துக்கொண்டேன். முப்பத்தெட்டுப் பையன்களுக்கு நடுவே நாம் இரண்டே பெண்கள். ஜன்னலோரத்து மோட்டார் நமக்கு. அது ஓடத் தொடங்கும்போது வரும் அந்த வார்னிஷ் வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. மோட்டாருக்குச் சுமை கொடுக்க அதன் பிரேக் டிரம்மில் பெல்ட்டை இறுக்க இறுக்க டிரம் கொதித்து ஆவி எழும். அது ஆற நீ குவளையால் தண்ணீர் ஊற்றுவாய். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். “கல்யாண வீட்ல சோறு வடிக்கிற மாதிரி ஊத்துறியேடி” என்பேன். சூடு பார்க்க சார் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? உள்ளங்கையை வைக்காதே, புறங்கையை வை. மின்கசிவு இருந்தால் உள்ளங்கை மூடிப் பிடித்துக்கொள்ளும், புறங்கை உதறி விலகும். பத்து எண்ணும் வரை தாங்க முடிந்தால் மோட்டார் சுகமாக இருக்கிறது. முடியாவிட்டால் நிறுத்து.

அந்தப் பத்தை வைத்துத்தான் பத்தொன்பது வருடங்களாக நான் பிழைக்கிறேன். நீரேற்று நிலையத்தில் நான்கு மோட்டார்கள். காலை ஏழு மணிக்கு ஒவ்வொன்றின் முதுகிலும் வலது புறங்கையை வைத்து எண்ணிவிட்டு, லாக் புத்தகத்தில் ‘சூடு சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இரண்டு வருடங்களுக்கு முன் இன்ஜினியர் எல்லா மோட்டாருக்கும் சூடு காட்டும் மீட்டர் பொருத்தலாமா என்று கேட்டபோது, நானே வேண்டாம் என்றேன். என் கை இருக்கும்போது மீட்டர் எதற்கு என்று ஒரு திமிர். மதிய ஷிப்டு பார்க்கும் ஃபிட்டர் அண்ணன் அதையே கேலியாகச் சொல்லிக்கொண்டிருப்பார்: “தங்கச்சி தொட்டுப் பாத்தா மோட்டார் நாக்கக்கூட நீட்டிக் காட்டும்.”

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு இரண்டாம் மோட்டார் எரிந்துவிட்டது. அது ஃபிட்டர் அண்ணனின் ஷிப்டு. புகையைப் பார்த்ததும் ஓடிப்போய் அவர்தான் நிறுத்தியிருக்கிறார். மறுநாள் பின்பக்க மூடியைக் கழற்றியபோது நானும் இருந்தேன். காற்று போகிற துளைகளிலெல்லாம் கிரீஸும் தூசியும் சேர்ந்து மெழுகுபோல் அடைத்திருந்தது. விசிறி சுழன்றும் காற்று உள்ளே போகவில்லை. அது ஒரே நாளில் அடைகிற அடைப்பு அல்ல. வாரக்கணக்கில் அந்த மோட்டார் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறிக்கொண்டிருந்திருக்கிறது. பத்து டிகிரி கூடினால் உள்ளே இருக்கிற கம்பிச் சுருளின் ஆயுள் பாதியாகும் என்று நாம் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினோமே, அது எத்தனை முறை பாதியானதோ.

இன்ஜினியர் அடைப்பைப் பார்த்தார், பிறகு என் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு மாதமாக எல்லா நாளும் ‘சூடு சரி’. “அடைப்புதான் காரணம்னா மேடம் கைக்குத் தெரியாமலா போயிருக்கும்?” என்று கேட்டுவிட்டு, மதிய ஷிப்டில் வால்வை முழுக்கத் திறந்துவிட்டு அளவுக்கு மீறிய சுமை கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. ஃபிட்டர் அண்ணனை வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு.

அவர் சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நேற்று சைக்கிள் ஸ்டாண்டில் என்னிடம் வந்து, “நீ எழுதினா சரியாத்தாம்மா இருக்கும். நான்தான் வால்வ எங்கயோ கூடத் திருப்பிட்டேன் போல. ராவெல்லாம் யோசிச்சுப் பாக்குறேன், ஞாபகமே வரல” என்றார். செய்யாத தப்பை ஞாபகப்படுத்திக்கொள்ள முயன்றுகொண்டிருக்கிறார்.

செவ்வாய் இரவே என் பெண், “என்னம்மா கையில கொப்புளம், எண்ணெய் தெறிச்சுதா?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அன்று வீட்டில் எண்ணெய்ச் சட்டியே அடுப்பில் ஏறவில்லை என்பது சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கும்போதுதான் உறைத்தது. வலது விரல்கள் மரத்துப்போவது சில மாதங்களாகவே உண்டு. தலைக்கு அடியில் கை வைத்துப் படுப்பதால்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிவந்தேன். அதனால்தான் இன்று காலை அந்த இரண்டு டம்ளர்கள். செவ்வாய்க்கிழமை காலை கொதிக்கிற மோட்டாரின் மேல் கையை வைத்து, நிதானமாகப் பத்து வரை எண்ணி, தோல் வெந்துபோனது தெரியாமல், ‘சரி’ என்று எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தில் உன்னை உன் பட்டப்பெயர் சொல்லி அழைக்கவில்லை. கவனித்திருப்பாய். இருபத்து நான்கு வருடங்களில் இதுதான் முதல் தடவை.

அந்தப் பெயர் உனக்கு வந்த நாள், லேபில் லோடு டெஸ்டின் கடைசி அளவு அது. பெல்ட்டை முழுக்க இறுக்கியாகிவிட்டது. ஆவி முகத்தில் அடிக்கிறது. வேகமானியை மோட்டாரின் சுழலும் தண்டில் அழுத்திப் பார்க்க வேண்டியவள் நான், எழுத வேண்டியவள் நீ. எனக்குப் பயம், அவசரம், வெளியே மழை வேறு. வேகமானியைத் தண்டில் வைக்காமலேயே, புத்தகத்தில் படித்த எண் வாயில் வந்துவிட்டது: ‘ஆயிரத்தைநூறு!’ நீ எழுதினாய்.

சார் நோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி விளக்கினார். சுருளில் சுற்றுகிற காந்தப்புலத்துக்குத்தான் நிமிடத்துக்கு ஆயிரத்தைநூறு சுற்று. நடுவில் இருக்கிற உருளை அதைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. எட்டிப் பிடித்துவிட்டால் புலம் அதைக் கடந்து போகாது. கடக்காவிட்டால் உருளையில் மின்சாரம் பிறக்காது, இழுக்க விசை இருக்காது. அதனால் எப்போதும் கொஞ்சம் பின்தங்கித்தான் ஓடும். சுமை ஏற ஏற இன்னும் பின்தங்கும், இன்னும் சூடாகும். “சுமை ஏத்துனா வேகம் கூடுற மோட்டார யாரும்மா கண்டுபிடிச்சது? இத அளந்த மகராசி யாரு?” நான் தரையைப் பார்த்தேன். நீ எழுந்து நின்று, “நான்தான் சார்” என்றாய்.

அன்றிலிருந்து நீ ‘ஆயிரத்தைநூறு’. கேன்டீனில், பஸ்ஸில், உன் கல்யாணப் பந்தலில்கூட. நானே அப்படிக் கூப்பிட்டேன்! நீயும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாய். ஏன் எழுந்து நின்றாய் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டால் நீ பதில் சொல்லிவிடுவாயோ என்ற பயம்தான்.

அந்த லேபில் பார்க்காமலே ஒரு எண்ணைச் சொன்னேன். இங்கே தொட்டுப் பார்த்தே தப்பாக எழுதினேன். இரண்டு தடவையும் எழுந்து நிற்பது வேறு யாரோ. நல்லவேளையாக இந்தத் தடவை திங்கட்கிழமை இன்னும் வரவில்லை.

நான் சொல்லப்போகிறேன். இவரிடம் சொல்லவில்லை, ஃபிட்டர் அண்ணனிடமும் சொல்லவில்லை. முதலில் உனக்குத்தான். விசாரணையில் கொப்புளத்தைக் காட்டி, லாக் புத்தகத்தில் என் கையெழுத்துகள் எல்லாவற்றையும் நம்ப வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பேன். மீட்டரைத் தடுத்தது நான்தான் என்பதையும் சேர்த்து எழுதுவேன். பிறகு டாக்டரிடம் போவேன். அதன்பின் என்னை மோட்டார்களுக்கு அருகில் விடமாட்டார்கள். ஏதாவது ஒரு மேசையில் உட்கார வைப்பார்கள். காலை ஏழு மணிக்கு அந்த நான்கின் ரீங்காரத்துக்குள் நுழையாமல் எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை. அதைப் பற்றி இன்னொரு நாள் அழுதுகொள்கிறேன்.

நீ அங்கே நன்றாக இரு. உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கட்டும். ஒரே ஒரு உதவி செய். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என்ன வேலையில் இருந்தாலும் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, எனக்காகப் பத்து வரை எண்ணு. அதற்குள் நான் எழுந்து நின்றிருப்பேன்.

உன்னிடம் இத்தனை வருடம் இருந்த பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டு,

ஆயிரத்தைநூறு