கடைசிப் படியில் மெழுகுவர்த்தி

அன்புள்ள அம்மா,

நடந்ததை உள்ளபடியே எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு நீ பயப்படாதே.

மோசல் ஆற்றங்கரையில் இந்த வருஷம் குளிர் முந்திக்கொண்டது. ரீஸ்லிங் திராட்சைச் சாறு குளிரில் பாதியிலேயே புளிப்பதை நிறுத்தினால் வைனில் இனிப்புத் தங்கிவிடும் என்று அப்பா நிலவறையின் காற்றுத்துளையைச் சாக்கால் அடைத்துவிட்டு இறங்கினார்.

"மெழுகுவர்த்தியை ஏத்திக்கிட்டுப் போங்கப்பா!"

"அதான் லைட்டு எரியுதே, புத்தகப்புழு! வைன் இனிச்சுதுன்னா பக்கத்துத் தோட்டத்து கிஸ்பெர்ட் அதை ஜாம்னு சொல்லி ஊரெல்லாம் சிரிப்பான்."

சாறு புளிக்கையில் வரும் கரியமில வாயுவில் மின்விளக்கு எரியும், மெழுகுவர்த்தி எரியாது; ஆளும் பிழைக்க முடியாது. ஒன்றை ஏற்றிக் கடைசிப் படிப்பக்கம் நீட்டினேன். ஊதியதுபோல் அணைந்தது.

"மேல வாங்கப்பா!"

"லேசா தலைவலி, அவ்வளவுதான். இன்னும் ரெண்டு பீப்பாய்."

மேலே ஓடி நிலவறை விளக்கை அணைத்தேன்.

"எவடி அது? உன் தோலை உரிக்கிறேன் பாரு!"

கத்திக்கொண்டே சுவரைத் தடவி ஏறி வந்தார். உதடுகள் நீலமாக இருந்தன. என் கையில் அணைந்த மெழுகுவர்த்தியைப் பார்த்ததும் போய்க் காற்றுத்துளையிலிருந்து சாக்கை உருவினார்.

வைன் இனித்தாலும் இனிக்கட்டும், அம்மா. அப்பா பக்கத்து அறையில் தூங்குகிறார். அவர் மூச்சு எனக்குக் கேட்க வேண்டும் என்று கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

உன் மகள்

பி.கு.: வீட்டு விளக்குகளையும் அணைத்துவிட்டு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன்; அது அணையாமல் எரிகிறது.